ஓய்வுபெற்ற பின் உல்லாசக் கப்பலில் வாழ்ந்து பார்த்தல்: திருகோணமலை அன்பர்களின் கேள்விகளும் எங்கள் பதில்களும்

நானும் என் கணவரும் திருகோணமலை உவர்மலையில் வசிக்கிறோம். நான் அரச வைத்தியசாலைகளில் தாதி உத்தியோகத்தராகவும் அவர் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) எழுதுவினைஞராகவும் பணியாற்றி ஓய்வுபெற்றோம். சிங்கப்பூரில் ஏறி மலாக்கா நீரிணை வழியாகப் பினாங்கு, புக்கெட் சென்று திரும்பும் கப்பலில் முதலில் பயணம் செய்தோம். பின்னர் சிங்கப்பூரிலிருந்து இந்து சமுத்திரத்தைக் கடந்து துபாய் வரை செல்லும் நீண்ட பயணம் ஒன்றையும் மேற்கொண்டோம். அயலவர்களும் எங்களோடு பணியாற்றியவர்களும் கோயிலிலும் சந்தையிலும் வங்கி வரிசையிலும் கேட்கும் கேள்விகளுக்கு நின்ற நிலையில் முழுமையாகப் பதில் கூற முடிவதில்லை என்பதால், அவற்றை இங்கே எழுதி வைக்கிறோம்.

முதுமையில் இத்தகைய பயணம் பொருந்துமா?

பொருந்தும் என்பதே எங்கள் உறுதியான கருத்து. எங்கள் வயதில் பயணத்தைக் கடினமாக்குவது தூரம் அல்ல. ஒவ்வொரு நாளும் பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதும், புதிய விடுதியில் குளியலறையின் மின்விளக்கு ஆளி எங்கே இருக்கிறது என்று இருட்டில் தேடுவதும், பஸ்ஸின் உயரமான படியில் ஏறி இறங்குவதுமே. கப்பலில் முதல் நாள் உடுப்புகளை அலுமாரியில் அடுக்கிவிட்டால் கடைசி நாள் வரை அவற்றை அசைக்க வேண்டியதில்லை. நாம் உறங்கும்போது கப்பல் ஓடுகிறது. விழிக்கும்போது வேறொரு துறைமுகம் வந்திருக்கிறது. முழங்கால் நோவுள்ள என் கணவர் தம் விருப்பம் போல் நடந்து, களைத்தபோது அறைக்குத் திரும்பிப் படுக்க முடிந்தது. தரைவழிச் சுற்றுலாவில் இந்த வசதி கிடைப்பதில்லை, ஏனெனில் அங்கே ஒருவர் களைத்தால் முழுக் குழுவும் காத்திருக்க வேண்டும்.

ஆயினும் இது எல்லோருக்கும் ஏற்றதல்ல. ஓர் ஊரில் பல நாட்கள் தங்கி அதன் மக்களோடு பழக விரும்புகிறவருக்குத் துறைமுகத்தில் கிடைக்கும் எட்டு அல்லது பத்து மணி நேரம் போதாது.

எங்கள் துறைமுகத்திலேயே கப்பலில் ஏற முடியுமா?

பொதுவாக முடியாது. 2023 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து புறப்பட்ட எம்பிரஸ் என்ற கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கு வந்தபோது பலர் எங்களிடம் இதையே கேட்டார்கள். அவ்வாறு வரும் கப்பல்களுக்கு நம் ஊர் பகலில் இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பும் இடம் மட்டுமே. பயணிகள் ஏறுவதும் பயணத்தை முடிப்பதும் கப்பல் நிலையாகத் தங்கும் துறைமுகத்தில்தான் நடைபெறும். நமக்கு மிக வசதியானது சிங்கப்பூர். கொழும்பிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேர விமானப் பயணம். இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்கள் குறுகிய காலத் தங்கலுக்கு முன்கூட்டியே விசா பெறவேண்டியதில்லை. கப்பல் புறப்படும் நாளிலேயே விமானத்தில் சென்று இறங்கத் திட்டமிடாதீர்கள். விமானம் தாமதித்தால் கப்பல் காத்திராது. ஒரு நாள் முன்னதாகச் சென்று தங்குவதற்கான செலவை டிக்கெட்டின் ஒரு பகுதியாகவே கருதுங்கள்.

2004ஆம் ஆண்டின் கடலைக் கண்ட நாங்கள் எப்படி அச்சமின்றிக் கப்பலில் ஏறுவது?

இக்கேள்வியைக் கேட்பவர்களில் பலர் அந்த டிசம்பர் 26இல் உறவுகளை இழந்தவர்கள். ஆகவே இதற்கு நிதானமாகப் பதில் கூற விரும்புகிறேன். ஆழிப்பேரலை பேருருவம் எடுப்பது கரையை அண்மித்த ஆழங்குறைந்த நீரில்தான். ஏறத்தாழ 4,000 மீற்றர் ஆழமுள்ள நடுக்கடலில் அது மணிக்கு 700 கிலோமீற்றர் அளவிலான வேகத்தில் சென்றாலும், அதன் உயரம் பெரும்பாலும் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையிலான தூரமோ நூறு கிலோமீற்றரையும் தாண்டக்கூடும். அது கடந்து சென்றதைக் கப்பலில் இருப்பவர்கள் உணரவே மாட்டார்கள். எச்சரிக்கை கிடைத்து நேரமும் இருந்தால் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் ஆழ்கடலை நோக்கிச் செல்வதற்குக் காரணம் இதுவே.

இவ்வளவும் அறிந்திருந்தும், வங்காள விரிகுடாவின் எல்லை தாண்டிச் சென்ற முதல் இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. அறிவு கூறுவதை உடல் ஏற்றுக்கொள்ளச் சிறிது காலம் வேண்டியிருக்கிறது. அச்சம் மிகுந்தவர்கள் முதலில் மூன்று அல்லது நான்கு இரவுகள் கொண்ட குறுகிய பயணத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

விபத்து நேர்ந்தால் என்ன செய்வார்கள்?

புறப்படுவதற்கு முன்னரே ஒவ்வொரு பயணிக்கும் அவர் ஒன்றுகூட வேண்டிய இடத்தையும் உயிர்காப்பு அங்கியை அணியும் முறையையும் காட்டுவார்கள். ஏழு குறுகிய ஒலிகளும் அவற்றைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் எழுந்தால், அதுவே அனைவரும் ஒன்றுகூட வேண்டும் என்ற அறிவிப்பு. முன்னர் இப்பயிற்சியைப் பயணிகள் ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்தது. 2012 ஜனவரி 13ஆம் திகதி இத்தாலியக் கரையில் கொஸ்டா கொன்கோர்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்றுதான் ஏறியிருந்த பல பயணிகளுக்கு அந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பின்னரே சர்வதேச விதி திருத்தப்பட்டு 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகையால் அந்தப் பயிற்சியின்போது கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உங்கள் அறையிலிருந்து ஒன்றுகூடும் இடத்துக்குப் படிகள் வழியாக ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். அவசர வேளையில் மின்தூக்கியைப் பயன்படுத்த முடியாது; நடப்பதில் சிரமம் உள்ளவர்கள் அதை ஏறிய அன்றே பணியாளர்களிடம் பதிவு செய்துவிட வேண்டும்.

கடல் மயக்கம் வராதா?

மூதூர்ப் படகில் வாந்தி எடுத்தவர்கள் கப்பலிலும் அப்படியே துன்பப்படுவோம் என்று நினைக்கிறார்கள். பெரிய கப்பலின் ஆட்டம் வேறு வகையானது. பக்கவாட்டில் உருள்வதைக் குறைப்பதற்கு நீர்மட்டத்தின் கீழே இருபுறமும் செட்டைகள் போன்ற தகடுகள் உள்ளன. ஆனால் முன்னும் பின்னுமாகக் கப்பல் ஏறி இறங்குவதை அவற்றால் அவ்வளவாகத் தடுக்க முடியாது. எனவே அறையைப் பதிவு செய்யும்போது கப்பலின் நீளவாக்கில் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஒன்றில் கேளுங்கள். அங்கே ஆட்டம் மிகக் குறைவு, கட்டணமும் பெரும்பாலும் குறைவு.

காலத்தையும் கவனிக்க வேண்டும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் நம் கரை எப்படிக் கொந்தளிக்கிறது என்பதை அறிவோம். மலாக்கா நீரிணையோ ஒரு புறம் சுமாத்திராவும் மறு புறம் மலாயாவும் மறைத்து நிற்பதால் ஆண்டின் பெரும்பகுதியில் அமைதியாகவே இருக்கிறது. முதற்பயணத்துக்கு அதனையே பரிந்துரைக்கிறேன். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை அரபிக் கடலைக் கடக்கும் பயணத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தென்மேற்குப் பருவக்காற்றின் உச்சம் அக்காலமே.

மயக்கத்துக்கான குளிசைகள் பல உண்டு. அவை உறக்கத்தை வரவழைக்கும். அதைவிட முக்கியமாக, கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் புரொஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் கழிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் அவற்றில் சில கேடு விளைவிக்கும். பக்கத்து அறைக்காரர் அன்போடு நீட்டும் குளிசையை விழுங்காமல், ஊரிலேயே உங்கள் வைத்தியரிடம் கேட்டுப் பெற்றுச் செல்லுங்கள். இலேசான மயக்கத்துக்கு இஞ்சியும், மேல்தளத்தில் நின்று அடிவானத்தைப் பார்ப்பதும் போதும்.

நோயாளிகள் போகலாமா? மருந்துகளை என்ன செய்வது?

எங்கள் தலைமுறையில் நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாதவரைக் காண்பது அரிது. இருவருக்கும் அவை கட்டுப்பாட்டில் இருந்ததால்தான் நாங்கள் சென்றோம். கப்பலில் வைத்தியரும் தாதியரும் கொண்ட சிகிச்சை நிலையம் இருக்கும். மாரடைப்பு வந்தால் உயிரைக் காத்து நிலைப்படுத்துவதற்கான வசதிகளும் இருக்கும். ஆனால் அது பெரிய வைத்தியசாலை அல்ல. சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் அடுத்த துறைமுகத்தில் இறக்குவார்கள், அல்லது ஹெலிகொப்டர் எட்டக்கூடிய தூரத்தில் இருந்தால் அதனை அழைப்பார்கள். நடு இந்து சமுத்திரத்தில் இரண்டுமே உடனடியாகக் கிடைக்காது. அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் பல கடல் நாட்கள் கொண்ட பயணத்தைத் தவிர்க்க வேண்டும் என்று தாதி என்ற முறையில் வற்புறுத்திக் கூறுகிறேன்.

நம் நாட்டின் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசமாகக் கிடைப்பதால், கப்பலில் ஒரு சேலைன் ஏற்றுவதற்கும் கட்டணம் உண்டு என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. அந்தக் கட்டணம் டொலரில் அறைக் கணக்கில் சேர்க்கப்படும். பயணக் காப்புறுதி எடுக்கும்போது அவசரமாக வெளியேற்றிக் கொண்டுசெல்லும் செலவு அதில் அடங்குகிறதா, ஏற்கெனவே உள்ள நோய்கள் அடங்குகின்றனவா என்ற இரண்டையும் எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். நோயை மறைத்துக் காப்புறுதி எடுத்தால் தேவைப்படும் வேளையில் அது பயன்படாது.

மருந்துகளை உரிய உறைகளோடும் வைத்தியரின் ஆங்கிலக் கடிதத்தோடும் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டிகள் ஏறிய அன்று மாலைதான் அறைக்கு வந்து சேரும். தூக்க மாத்திரைகள், கடுமையான வலி நிவாரணிகள் சிலவற்றைச் சிங்கப்பூருக்குக் கொண்டுசெல்ல முன் அனுமதி வேண்டும். மெல்லும் புகையிலை அங்கே தடைசெய்யப்பட்டது. வெற்றிலை போடும் பெரியவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். இன்சுலின் பாவிப்பவர்கள் அறையிலுள்ள சிறிய குளிர்ப்பெட்டியை நம்பாமல், அது போதிய அளவு குளிர்கிறதா என்று கேட்டறிய வேண்டும்.

இன்னொன்று. பலர் நெருங்கி வாழும் இடத்தில் நொரோ வைரஸால் வரும் வாந்தி, வயிற்றோட்டம் வேகமாகப் பரவும். உணவுக்கூட வாசலில் வைத்திருக்கும் கிருமிநாசினி ஜெல் இதற்குப் போதாது. சவர்க்காரமும் ஓடும் நீருமே வேண்டும்.

உணவு எப்படி? சைவர்களுக்கும் ஹலால் உண்பவர்களுக்கும் வசதி உண்டா?

ஆசியத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் பல கப்பல்களில் இந்தியச் சைவ உணவு தாராளமாகக் கிடைக்கிறது. சோறு, பருப்பு, மரக்கறி, தயிர், பழங்கள் ஆகியவற்றுக்குக் குறைவில்லை. இடியப்பமும் சொதியும் கிடைக்குமென எதிர்பார்க்க வேண்டாம். ஹலால் உணவு எல்லாக் கப்பல்களிலும் ஒரே விதமாக இல்லை. கிண்ணியாவிலிருந்து கேட்ட நண்பர்களுக்குக் கூறியதுபோல, பதிவு செய்யும்போதே கோரிக்கையைத் தெரிவித்து, ஏறியபின் உணவுக்கூடத் தலைமைப் பணியாளரிடம் நினைவூட்ட வேண்டும். மறுநாளுக்கான உணவை முதல்நாள் இரவே அவர் பட்டியலிலிருந்து குறித்துக்கொள்வார்.

வீட்டில் சமைத்த உணவைக் கொண்டுசெல்ல அனுமதிப்பதில்லை. உணவு எந்நேரமும் கிடைப்பது நீரிழிவு உள்ளவர்களுக்கு உண்மையான ஆபத்து. ஊரில் உண்ணும் நேரங்களிலேயே உண்பது, இனிப்பு மேசைப் பக்கம் பகலில் ஒருமுறைக்கு மேல் செல்லாதிருப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டோம். ஊறவைத்த இறைச்சி வகைகளிலும் சூப்பிலும் உப்பு அதிகம்.

அறையில் விளக்கேற்றலாமா?

கூடாது. கடலில் தீயைப் போன்ற பேராபத்து வேறில்லை என்பதால் மெழுகுவர்த்தி, ஊதுவத்தி, கற்பூரம், துணி தேய்க்கும் அயன், தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தல் ஆகிய அனைத்தையும் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவைத்துவிடுவார்கள். நான் மின்கலத்தில் எரியும் சிறிய விளக்கொன்றைக் கோணேசர் படத்தின் முன் வைத்து வழிபட்டேன். பொதுப் பூசை மரபுப்படி அது முழுமையானதல்ல என்று சொல்பவர்கள் உண்டு. ஆயிரக்கணக்கானோர் உறங்கும் கப்பலில் அதுவே சரியான வழிபாடு என நான் கருதுகிறேன்.

சிறிய அறையில் இருவர் பல நாட்கள் எப்படி இருப்பது?

சன்னலற்ற உள்ளறை ஒன்று ஏறத்தாழ 12 முதல் 17 சதுர மீற்றர் அளவே இருக்கும்; குளியலறையும் அதற்குள்தான். பணியில் இருந்த காலத்தில் நான் இரவுக் கடமைக்குச் செல்ல, அவர் பகலில் கச்சேரிக்குச் செல்ல, ஒரே வீட்டில் இருவரும் விழித்திருந்த நேரம் சொற்பம். ஓய்வுபெற்றபின் அந்த நேரம் திடீரெனப் பெருகியது. கப்பலில் அது மேலும் நெருக்கமானது. நாங்கள் கண்ட வழி, காலை உணவுக்குப் பின் மதியம் வரை அவரவர் விருப்பப்படி தனித்திருப்பது. அவர் மேல்தளத்தில் நடந்து, கப்பலின் போக்கைக் காட்டும் திரையின் முன் நெடுநேரம் நிற்பார். நான் நூலகத்தில் இருப்பேன். மதிய உணவில் சந்திக்கும்போது ஒருவருக்கொருவர் சொல்வதற்குச் செய்தி இருந்தது. இப்போது வீட்டிலும் இதனைக் கடைப்பிடிக்கிறோம்.

உள்ளறையில் முழு இருட்டு என்பதால் நேரம் தெரியாது. இரவில் எழுந்து கழிவறைக்குச் செல்பவர்கள் சிறிய இரவு விளக்கொன்றைக் கொண்டுசெல்லுங்கள். குளியலறை வாசலில் உயர்ந்த படி இருக்கும், அதில் தடுக்கி விழுபவர்கள் பலர். பணம் இடங்கொடுத்தால் சன்னல் உள்ள அறை நல்லது. பல்கனி எங்களுக்கு அவசியமாகத் தோன்றவில்லை, ஏனெனில் மேல்தளத்தின் கடல் எல்லோருக்கும் பொதுவானது.

கரையே காணாத நாட்கள் சலிப்பூட்டாதா?

எங்களுக்கு அவையே மிகப் பிடித்தவை. துபாய்ப் பயணத்தில் தேவேந்திரமுனைக்குத் தெற்கே சென்றபோது சரக்குக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் செல்வதைக் கண்டோம். உலகின் மிக நெருக்கமான கடற்பாதைகளில் ஒன்று நம் தீவின் காலடியில் கிடப்பதை, இத்தனை ஆண்டுகள் துறைமுக நகரில் வாழ்ந்தும் அன்றுதான் கண்ணால் பார்த்தோம். மேற்கு நோக்கிச் செல்வதால் சில இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னோக்கி வைப்பார்கள்; சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் நான்கு மணி நேர வித்தியாசம். அந்நாட்கள் 25 மணி நேரம் கொண்டவை. மருந்து நேரத்தை மட்டும் கவனமாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

இறங்கும் ஊர்களில் என்ன செய்வது?

பினாங்கில் கப்பல் ஜோர்ஜ்டவுன் நகரின் அருகிலேயே கட்டப்படுவதால் சுற்றுலாப் பஸ் தேவையில்லை. 1833இல் எழுந்த மாரியம்மன் கோயிலுக்கும் அதனைச் சூழ்ந்த தமிழ்க் கடைத்தெருவுக்கும் மெதுவாக நடந்தோ வாடகைக் காரிலோ செல்லலாம். புக்கெட்டில் கப்பல் கடலில் நங்கூரமிட்டால், அங்கிருந்து சிறு படகில் கரைக்குச் செல்ல வேண்டும். அலையில் ஆடும் படகில் காலடி வைப்பது முழங்கால் நோவுள்ளவருக்குக் கடினம். அன்று என் கணவர் கப்பலிலேயே தங்கினார். திரும்பவேண்டிய நேரத்தைக் கப்பலின் கடிகாரத்தின்படி எழுதி வைத்துக்கொள்ளுங்கள், உள்ளூர் நேரம் வேறாக இருக்கலாம்.

இறங்காதவருக்கும் சில நாடுகளின் விசா வேண்டும். பயண வழியிலுள்ள ஒவ்வொரு நாட்டுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு என்ன தேவை என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். ஒன்று குறைந்தாலும் ஏற விடமாட்டார்கள்.

செலவு எவ்வளவு?

கட்டணங்கள் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் தொகை கூறுவது உங்களைத் தவறாக வழிநடத்தும். விளம்பரத்தில் காணும் தொகை, ஓர் அறையை இருவர் பகிரும்போது ஒருவருக்கு உரியது என்பதை மறவாதீர்கள். தனியாகச் செல்லும் விதவைப் பெண்களிடமும் ஏறத்தாழ இருவருக்கான தொகையையே கேட்கிறார்கள். சகோதரியோ தோழியோ உடன் சென்றால் பெருந்தொகை மிஞ்சும். துறைமுக வரி, பணியாளர் சேவைக் கட்டணம், இணையம், சலவை, மதுபானம், சுற்றுலாக்கள் ஆகியவை பெரும்பாலும் தனிக் கணக்கு. ஓய்வுபெறும்போது கிடைக்கும் பணிக்கொடையை இதற்காக உடைக்க வேண்டாம். நாங்கள் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியைப் பல ஆண்டுகள் ஒதுக்கிய பின்னரே சென்றோம்.

சேவைக் கட்டணத்தை நீக்கும்படி கேட்கலாம் என்று சிலர் யோசனை கூறுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். நம் அறையைத் துப்புரவாக்கும் இளைஞர் பிலிப்பைன்ஸிலோ இந்தோனேசியாவிலோ இந்தியாவிலோ நம் நாட்டிலோ குழந்தைகளை விட்டு வந்தவர். ஒரு தடவை ஏறினால் பல மாதங்கள் இறங்குவதில்லை. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு என்பதை அளவுகோலாக வகுத்திருக்கிறது. அந்த அளவுகோல் எவ்வளவு நீண்ட வேலைநாளுக்கு இடமளிக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். அவரைப் பெயர் சொல்லி அழைத்து, வீட்டாரை விசாரிப்பது நம் முதியோருக்கு இயல்பாக வரும்.

பயணத்தில் மரணம் நேர்ந்தால்?

பெரிய கப்பல்களில் உடலைக் குளிரூட்டி வைக்கும் அறை உண்டு. அடுத்து வரும் துறைமுகம் ஒன்றிலோ பயணம் முடியும் இடத்திலோ, தூதரகத்தின் உதவியோடு ஆவணங்கள் தயாரிக்கப்பட்டு உடல் ஊருக்கு அனுப்பப்படும். காப்புறுதியில் இச்செலவும் அடங்க வேண்டும். பிள்ளைகளிடம் கடவுச்சீட்டு, காப்புறுதிப் பத்திரங்களின் பிரதிகளை ஒப்படைத்துவிட்டுச் செல்லுங்கள்.

நம் ஊருக்கு வரும் கப்பல் பயணிகளுக்கு நாம் என்ன செய்யலாம்?

இக்கேள்வியை யாரும் எங்களிடம் கேட்கவில்லை, நாங்களே எழுப்புகிறோம். கப்பலிலிருந்து இறங்கும் முதியவர்களாக நாங்கள் எல்லா ஊர்களிலும் தேடியவை மூன்று: நிழலில் ஓர் இருக்கை, துப்புரவான மலசலகூடம், முன்கூட்டியே அறிந்த வாடகைக் கட்டணம். துறைமுக வாசலில் முச்சக்கரவண்டிக் கட்டணங்களைப் பலகையில் எழுதி வைத்தால், பயணி பேரம் பேசும் அச்சமின்றிப் பிரெட்ரிக் கோட்டைக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் செல்வார். கோட்டைக்குள் கோணேசர் கோயில் அமைந்த சுவாமிமலைக்கு ஏறுபவர்களுக்குக் காலணியைக் கழற்ற வேண்டும் என்பதைக் கோட்டை வாசலிலேயே தெரிவித்தால் அவர்கள் காலுறை அணிந்து வரலாம். மதிய வெயிலில் அந்தக் கல்தரை முதியோரின் பாதங்களைச் சுட்டுவிடும். கீழே வழியில் உள்ள கடைக்காரர்கள் வாசலில் ஒரு வாங்கைப் போட்டு வைத்தாலே, மேலே ஏற முடியாத துணைவரோ துணைவியோ அங்கே அமர்ந்து காத்திருப்பார்.